பலிபீடத்துச் சாம்பலில் கிடக்கும் எலும்பை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

"கிரேக்க நாட்டு லைகாயோன் மலையில் நரபலி நடந்தது எலும்புக்கூடு கிடைத்ததால் நிரூபணம் ஆகிவிட்டதா? எரிந்த எலும்பை வைத்துச் சடங்கைச் சொல்வதெல்லாம் யூகம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ யூடியூப் காணொளி பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், ஆகவில்லை. இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. நான் அகழாய்வில் கிடைக்கும் விலங்கு எலும்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை செய்கிறவள்.

ஆர்க்காடியாவில் இருக்கும் அந்த மலையின் உச்சியில் கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான ஜீயஸுக்குப் பலிபீடம் உண்டு. கல்லில் கட்டியதல்ல, நூற்றாண்டு நூற்றாண்டாக எரித்த பலியின் சாம்பலே மேடாகிப் போனது. அங்கே மனிதக் குடலைத் தின்றவன் ஓநாய் ஆவான் என்றொரு கதையைப் பிளேட்டோவே குறிப்பிடுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் அந்தப் பலியைத் துருவிக் கேட்க விரும்பவில்லை என்று எழுதி நிறுத்திக்கொண்டார். இவ்வளவு பேர் சொல்லியிருக்கிறார்களே என்றுதான் எல்லோரும் மனித எலும்பைத் தேடினார்கள்.

கிடைத்தது என்ன? இந்த நூற்றாண்டில் நடந்த அகழாய்வில் சாம்பலிலிருந்து அள்ளிய எரிந்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை செம்மறியும் வெள்ளாடும். அதிலும் முழு ஆடு இல்லை. தொடையெலும்பு, முழங்கால் சில்லு, வால் எலும்பு, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. விலா, தோள், தலை எல்லாம் எங்கே? அவை நெருப்புக்கு வரவே இல்லை. தெய்வத்துக்குத் தொடையெலும்பும் வாலும், மனிதர்களுக்குக் கறி. கொழுப்பில் சுற்றிய தொடையெலும்பைத் தெய்வத்துக்கு எரிப்பதை ஹோமர் பாடுகிறார். புரோமிதியஸ் ஜீயஸை ஏமாற்றி எலும்பைத் தள்ளிவிட்ட கதையை இன்னொரு பழங்கவிஞர் ஹெசியட் சொல்கிறார். ஆனால் கரிமக் காலக்கணிப்பில் இந்த வழக்கம் அந்த இருவருக்கும் பல நூற்றாண்டு முந்தைய மைசீனியர் காலத்துக்கே, அதாவது கிரேக்க வெண்கலக் காலத்துக்கே போய்விட்டது. பாட்டைப் படித்துவிட்டு யாரும் இதைச் செய்யவில்லை. இதை யூகம் என்கிறீர்களா?

நான் வெளிநாட்டில் படித்தபோது எங்கள் வகுப்பில் இதைச் செய்தே பார்த்தோம். கறிக்கடையில் ஆட்டுத் தொடையெலும்பும் தோலுரித்த வாலும் வாங்கி, எலும்பை வயிற்றுக் கொழுப்பால் நன்றாகச் சுற்றி, ஆய்வகத்துக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்தோம். கொழுப்பு பிடித்ததும் தீ ஆளுயரம் எழும்பியது. வெறும் எலும்பு அப்படி எரியாது. ஏன் சுற்றினார்கள் என்பது அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. தூரத்தில் நிற்பவனுக்கும் தெரிகிற தீ அது. வால் மெல்ல மேல்நோக்கி வளைந்தது. கிரேக்க ஜாடிகளில் பீடத்தின் மேல் வளைந்து நிற்கும் ஒன்றைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதே வளைவு. பலி ஏற்கப்பட்டதா என்று பூசாரி பார்த்த அடையாளங்களில் அது ஒன்று. தீ அடங்கிய பிறகு எலும்பு முதலில் கருத்த இடம், சாம்பல் நிற இடம், முழுதும் வெந்து வெளுத்த இடம் என்று தெளிவாகப் பிரிந்து கிடந்தது. சதையோடு எரிந்த எலும்பில் வரும் வளைந்த விரிசலும் இருந்தது. அகழாய்வுத் தட்டில் வைத்துப் பார்த்த துண்டுகளுக்கும் அதற்கும் நிறத்தில் வேறுபாடு சொல்ல முடியவில்லை. ஒரு வகுப்புச் சோதனையை வைத்து எல்லாக் கோயிலுக்கும் தீர்ப்பு எழுதுகிறாள் என்று யாராவது சொல்வீர்கள். எழுதவில்லை. கிரேக்க நகரமான கொரிந்துவில், பயிர்த் தெய்வம் டெமிட்டரின் கோயிலில் பன்றிக்குட்டி எலும்பு வருகிறது. அங்கே சடங்கு வேறு, தெய்வமும் வேறு. இடத்துக்கு இடம் எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணுகிற வேலையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நகத்தளவு துண்டுகளைச் சல்லடையில் கழுவி, காயவைத்து, எந்த உயிர், எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்று பதிவது மாணவர்கள். பல இடங்களில் அதற்குச் சம்பளம் கிடையாது. நாமே கட்டணம் கட்டிப் போக வேண்டும். நான் வேலை செய்த ஓர் அகழாய்வின் அறிக்கையில் மண்பாண்டத்துக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம், எங்கள் எலும்புக்குக் கடைசியில் ஒரு பிற்சேர்க்கை. பெயர் 'மற்றும் குழுவினர்'. தங்கக் காசு எடுத்தவரின் படம் பத்திரிகையில் வரும். "எலும்பு பொறுக்கவா கடன் வாங்கிப் படிச்சே?" என்று பெரியப்பா கேட்டபோது காட்டுவதற்கு என் பெயர் போட்ட ஒரு பக்கம்கூட என்னிடம் இல்லை. அதனால்தான் 'யூகம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி அந்த எலும்புக்கூடு. 2016இல் அந்தச் சாம்பல் மேட்டுக்குள் பதின்வயதுப் பையன் ஒருவனின் உடல் கிடைத்தது. மண்பாண்டங்களை வைத்து கி.மு. 11ஆம் நூற்றாண்டு என்றார்கள். உடல் கிழக்கு மேற்காக நீட்டிக் கிடத்தப்பட்டு, இருபுறமும் கல் வரிசை. மண்டையோட்டின் மேற்பகுதி இல்லை. காணொளிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் பலியானவை அங்கே எரிந்து துண்டாகிக் கிடக்கின்றன. எரிந்த எலும்புக் குவியலில் மனித எலும்பு ஒன்றுமே அடையாளம் காணப்படவில்லை. இவனோ கல் வைத்துப் புதைக்கப்பட்டிருக்கிறான். இடுகாடல்லாத இடத்தில், பீடத்துக்குள்ளேயே ஏன் புதைத்தார்கள் என்பது பெரிய கேள்வி, அதை நான் மறுக்கவில்லை. அகழ்ந்தவர்களே இறந்த விதத்தைச் சொல்ல இன்னும் காலம் வரவில்லை என்றுதான் அன்று சொன்னார்கள். கழுத்தெலும்பிலோ விலாவிலோ கத்தித் தடம் இருப்பதாக எலும்பு பார்த்தவர்கள் எழுதினால், இந்தப் பதிலை நானே திருத்துவேன்.