அந்த 9.4-இல் நாங்கள் உண்டா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 9.4 சதவீதம் பேருக்குக் கருத்தடைத் தேவை பூர்த்தியாகவில்லை என்று, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வை வைத்து எழுதியிருந்தீர்கள். 2020 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மனைவியிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவள் போதும் என்றாள். எனக்கு இன்னொன்று வேண்டும் என்றிருந்தது. தடுப்பு எதுவும் இல்லை. அந்த 9.4-இல் நாங்கள் உண்டா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி உண்டு. நீங்கள் இல்லை.

‘உனக்குக் கருத்தடை தேவையா’ என்று இந்த ஆய்வில் யாரும் நேராகக் கேட்பதில்லை. இன்னொரு குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும், இப்போது ஏதாவது முறை உண்டா, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று பல கேள்விகள். போதும் என்பவரோ, இரண்டு வருஷமாவது போகட்டும் என்பவரோ, கருத்தரிக்கக் கூடியவராக இருந்தும் எந்த முறையும் இல்லாமல் இருந்தால் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

கணவர் சொல்வது இதில் எங்குமே வராது. ஆண்களிடமும் பேசுகிறார்கள், சில வீடுகளில் மட்டும். 2019-21 சுற்றில் பெண்கள் 7,24,115 பேர், ஆண்கள் 1,01,839 பேர்.

தம்பதியாகச் சேர்த்தே அளந்தால் என்ன என்று 1990-களிலேயே மக்கள்தொகை ஆய்வாளர்கள் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். இருவருமே ‘போதும்’ என்றால்தான் தேவை என்று வைத்தால் எண் சுருங்கும். உங்கள் வீடு அதிலிருந்து விழுந்துவிடும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சுமக்கப் போவது அவர். கணவர் சம்மதித்தால்தான் மனைவியின் தேவை கணக்கில் ஏறும் என்று ஒரு அளவுகோல் சொல்லக் கூடாது.

சரி, அதற்காகக் கணவரைக் கேட்காமலே விடலாமா? எங்கள் தெருவில் ஒரு பெண், கணவருக்குத் தெரியாமல், கருத்தடை மாத்திரை அட்டையை உளுந்து டப்பாவுக்குள் வைத்திருந்தார். அடியில் அட்டை, மேலே இரண்டு பிடி உளுந்து. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசிக்கு மாறினார், வீட்டில் ஒளிக்க எதுவும் இருக்காது என்பதால். ஆய்வின் கணக்கில் அவர் தேவை பூர்த்தியானவர். டப்பாவை யாராவது திறந்துவிடுவார்களோ என்று அவர் பயந்த பயத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

அதே ஆய்வில் 35.1 சதவீத ஆண்கள், கருத்தடை பெண்கள் பாடு, ஆணுக்கு அதில் கவலையில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். கணவர் செய்துகொண்டது 0.3.

அதனால் மனைவியின் எண் அப்படியே இருக்கட்டும். அதே வீட்டுக் கணவரின் பதிலையும் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பேன். எந்த வீட்டுக்கு மாத்திரை போதும், எந்த வீட்டில் கணவரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று திட்டம் போடுபவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். ஆய்வுக்கு வந்தவர் போனபிறகு நீங்கள் இருவரும் இதைப் பேசினீர்களா? எழுதுங்கள். உங்கள் மனைவிக்கு விருப்பமிருந்தால் அவரும் எழுதட்டும்.