சிரித்த முகமும் நிலுவைக் கோப்பும்

வணக்கம் சார்,

குரூப் 4 எழுதித் தேர்வாகி, ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். நான் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. மனு கொண்டுவருபவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்பேன். பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பேன். பிறந்தநாள், பிரிவு உபசாரம் என்றால் வசூல் செய்வதும் நான்தான். "தங்கமான பொண்ணு" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போன மாதம் கண்காணிப்பாளர் என் தன்பதிவேட்டை (என் மேசைக்கு வந்த தாள்களும் அவற்றின் நிலையும் எழுதும் பதிவேடு) பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். நிலுவை அவ்வளவு. எதிர் மேசையில் ஒரு சீனியர் இருக்கிறார். யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், ஆனால் அவர் மேசையில் ஒரு தாள் மிஞ்சாது. "ஆபீஸ்ல வேலைதான் முக்கியம்மா, மனுஷத்தனத்தை வீட்டுல வெச்சுக்கோ" என்று அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது. அன்பாக இருந்தால் ஒழுங்காக இருக்க முடியாதா சார்? நான் மாற வேண்டுமா?

கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆஃபீஸ் எங்கள் அலுவலகத்துக்கு வரப்போகிறது என்கிறார்கள். வந்தால் இதெல்லாம் சரியாகிவிடுமா?

எம்.

(பெயரையும் மாவட்டத்தையும் துறையைக் காட்டிக்கொடுக்கும் வரிகளையும் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள எம்.,

எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டது தவறு. தன்பதிவேட்டைப் பார்ப்பது கண்காணிப்பாளரின் வேலை, நிலுவையைக் கேட்பதும் அவர் வேலை. அதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் அவர் பக்கம் சாய்வதுபோலத் தெரியும்.

உட்காரவைத்துக் கேட்பது, டைப் அடித்துக் கொடுப்பது, வசூல் செய்வது. நீங்கள் அன்பு என்று எழுதியிருக்கும் மூன்றுமே உங்கள் கண் முன்னால் நிற்கிற ஆளுக்குச் செய்வது. அரசு அலுவலகத்தில் ஒரு மேசையை நம்பியிருப்பவர்களில் பாதிப் பேர் அந்த மேசையைப் பார்த்ததே கிடையாது. மனுவைத் தபாலில் போட்டுவிட்டு ஊரில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் சிரிப்பு போய்ச் சேராது. உங்களிடமிருந்து அவர்களுக்குப் போகக்கூடியது ஒன்றுதான்: அவர்களுடைய தாள் எந்தக் கட்டில், எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது.

ஓர் ஊழியரின் பணி விவரம் முழுவதும் ஏறும், எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் பணிப்பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வருகிறது. உத்தரவு போட்டு, சம்பளப் பட்டியலில் ஏற்றி, பணமும் வங்கிக்குப் போய்விடும். எஸ்.ஆரில் பதிவது மட்டும் "அப்புறம் மொத்தமாப் போட்டுக்கலாம்" என்று நின்றுவிடும். பணம் வந்துவிட்டதால் ஊழியரும் கேட்க மாட்டார். ஈட்டிய விடுப்புக் கணக்கும் இப்படித்தான், பணிக்காலச் சரிபார்ப்புப் பதிவும் இப்படித்தான். அவர் ஓய்வு பெறும்போது ஓய்வூதியக் கருத்துரு சென்னைக்கு, மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை பணிச் சரிபார்ப்பு இல்லை என்று திருப்பி அனுப்புவார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இங்கே பதிவறையில் பழைய சம்பளப் பட்டியலைத் தேடினால் கட்டைக் கரையான் தின்றிருக்கும், இல்லையென்றால் மாவட்டமே இரண்டாகப் பிரிந்து அந்தக் கட்டு வேறு ஊருக்குப் போயிருக்கும். அன்றைக்குப் பதியாமல் விட்ட எழுத்தர் நல்லவராகக்கூட இருந்திருப்பார். அவர் வாங்கிக் கொடுத்த டீயை இன்றைக்கும் யாராவது நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரவுக் காவலர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய மனைவி சில நாள் கழித்து அண்ணனோடு வந்தார். அந்த வேலையைக் கவனித்த உதவியாளர் அதிகம் பேசாத பெண்மணி. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னாரா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. பீரோவைத் திறந்து காவலரின் எஸ்.ஆரை எடுத்தார், தேடவில்லை, எடுத்தார். குடும்ப விவரப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஆதார் இருக்கா?" என்றார். படிவத்தில் மனைவி பெயர் மாரியாயி. ஆதாரில் மாரியம்மாள். "ரெண்டும் ஒரே ஆள்னு முதல்ல சரிபண்ணணும், இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு இதையே கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு அரைத்தாளில் எழுத ஆரம்பித்தார். இறப்புச் சான்று, அதற்கு எதிரே நகராட்சி. வாரிசுச் சான்று, எதிரே இ-சேவை மையத்தில் விண்ணப்பம், தாசில்தார் கொடுப்பார். வங்கிப் புத்தக நகல், எத்தனை போட்டோ, எதில் யார் கையெழுத்து. கீழே கோப்பின் அடையாளமான ந.க. எண்ணும் அலுவலகத் தொலைபேசி எண்ணும். அண்ணனிடம் அதைக் கொடுத்து, "எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார், உதவியாளர் முகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

அந்த எஸ்.ஆர். அன்றைக்குக் கைக்கு வந்திருக்காவிட்டால் பெயர்க் குழப்பம் அன்றைக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். மீதி எல்லாம் நடைமுறை.

உங்கள் சீனியருக்கு வருகிறேன். அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் காலி மேசையை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். மேசையைக் காலி செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று வேலையை முடிப்பது. இன்னொன்று, கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புவது. முதல் தடவை "இணைப்பு இல்லை", சரிசெய்து வந்தால் "சான்றொப்பம் இல்லை", அதையும் சரிசெய்து வந்தால் "உரிய படிவத்தில் இல்லை". ஒவ்வொரு தடவையும் தன்பதிவேட்டில் அந்த வரிசைக்கு எதிரே ஒரு தேதி விழும், தாள் மேசையை விட்டுப் போய்விடும், நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் வராது. மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்க முடியும். அவர் அனுப்பிய கடிதங்களின் அலுவலகப் படியை (நகலை) ஒருநாள் புரட்டிப் பாருங்கள். ஒரே தடவையில் எல்லாக் குறையையும் கேட்கிறவர் என்றால், சிரிக்காவிட்டாலும் அவரிடம் போய் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளுங்கள். அப்படி இல்லையென்றால் அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மனுஷத்தனத்தை வீட்டில் வைக்கச் சொல்கிறாரே, அதற்குச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாள் கெடு எல்லோருக்கும் மனப்பாடம். பிரிவு 6(1)-ஐப் பாருங்கள்: எழுதித் தர முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். 6(3): வேறு அலுவலகத்துக்கு உரிய மனு என்றால் ஐந்து நாளுக்குள் நாமே அங்கே மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். "இது இங்க இல்லைங்க, அங்க போங்க" என்று கையை நீட்டக் கூடாது. அதே சட்டத்தின் 4(1)-இல் முதல் உட்பிரிவு, ஆவணங்களை அட்டவணைப்படுத்தி, தேடினால் கிடைக்கும்படி வைக்கச் சொல்கிறது. சீனியரிடம் சண்டைக்குப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நம் மாவட்ட அலுவலகங்களில் தாள்களைப் பதிந்து கோப்பு நடத்தும் முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர், சென்னை மாகாணக் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் பெயர் அது. அதைக் கேலி செய்யாத எழுத்தர் இல்லை. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ந.க. எண்ணைப் பாருங்கள்: பிரிவின் எழுத்து, இருக்கை எண், வரிசை எண், ஆண்டு. நீங்கள் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, உங்களை அறியாத ஒருவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் கட்டுக்கு வந்து தாளை எடுத்துவிட முடியும், நீங்கள் பதிவு போட்டிருந்தால். விடுப்பில் போவதற்கு முன்னால் நீதிமன்ற வழக்குக் கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து, பதில் மனு தாக்கல் செய்ய வேண்டிய தேதியை மேலே ஒரு சீட்டில் எழுதி, கூடுதல் பொறுப்பு பார்ப்பவரின் கையில் கொடுங்கள். பிறந்தநாள் கேக்கைவிட அவருக்கு நீங்கள் செய்யும் பெரிய நல்லது அதுதான்.

கேக் என்றதும் வசூல் நினைவுக்கு வருகிறது. அதை விட்டுவிடுங்கள். பிரிவில் இருக்கும் ஆண்களுக்கும் கை இருக்கிறது, நோட்டு வாங்கிச் சில்லறை கொடுக்கத் தெரியும். "இந்தத் தடவை அண்ணன் பண்ணட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். டைப் அடிப்பதும் அப்படித்தான். "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு" என்று உங்களை ஒரு மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். நாலரை மணிக்கு மேல் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் அடித்துக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காரவைத்து அவர்களையே அடிக்கச் சொல்லுங்கள். சிலர் அதற்கப்புறம் வரவே மாட்டார்கள். உண்மையிலேயே தெரியாதவர் மட்டும் வருவார்.

மனு கொண்டுவருபவர்களை உட்காரவைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர் எழுந்து போகும்போது கையில் ந.க. எண்ணும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். "ரெண்டு நாள்ல பண்ணிடலாம், கவலைப்படாதீங்க" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினால், அவர் இரண்டு நாள் கழித்து அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து நிற்பார். நீங்கள் மறுபடியும் அன்பாக உட்காரவைப்பீர்கள். அதைவிட, "வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் பண்ணுங்க, முடிஞ்சிருந்தா மட்டும் வாங்க" என்பது மேல். நடக்காத காரியம் என்றால் முதல் நாளே, ஏன் நடக்காது என்று சொல்லிவிடுங்கள். முகம் வாடும். நாலு தடவை அலையவிட்டு அப்புறம் சொன்னால் வாடுவதைவிடக் குறைவாகத்தான் வாடும்.

இப்போது அந்த நிலுவை. எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, பார்க்கவே பயமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுக்கள் வந்து விழும், அன்றைக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, வேறு எதையும் தொடாமல், தன்பதிவேட்டை முதல் வரியிலிருந்து படியுங்கள். கணிசமான வரிகள் ஏற்கெனவே முடிந்த வேலையாக இருக்கும். பதில் போய்விட்டது, ஆனால் கோப்பை முடித்து, எவ்வளவு காலம் வைத்திருப்பது, ஓராண்டா மூன்றாண்டா பத்தாண்டா நிரந்தரமா என்று வகை போட்டுப் பதிவறைக்கு அனுப்பவில்லை. அவற்றை முதலில் தள்ளுங்கள். அடுத்தது, வேறு அலுவலகத்திலிருந்து அறிக்கை வர வேண்டியவை. அவற்றுக்கெல்லாம் ஒரே மூச்சில் நினைவூட்டு போடுங்கள். போடும்போது அங்கே இருக்கும் எழுத்தருக்கு ஒரு போன் செய்து, முதல் கடிதம் கிடைத்ததா என்று கேளுங்கள். பாதி இடத்தில் கிடைத்திருக்காது. மிஞ்சுவதுதான் உங்கள் உண்மையான நிலுவை. அதில் யாருடைய சம்பளமோ ஓய்வூதியமோ நின்றுபோயிருக்கிறதோ அதை மேலே வையுங்கள், "மிக அவசரம்" சீட்டு ஒட்டியதையெல்லாம் நம்பாதீர்கள், இப்போது எல்லாவற்றிலும் அதுதான் ஒட்டியிருக்கிறது. பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதி, கண்காணிப்பாளர் கேட்பதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுங்கள். எது என்றைக்கு முடியும் என்று தேதியோடு. சத்தம் போட்டவர்தானே என்று தயங்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கோப்பை வேறு இருக்கைக்கு மாற்றிக் கொடுப்பார். மாற்றாவிட்டாலும் உங்கள் நிலுவை அவருக்கும் தெரிந்த நிலுவை ஆகிவிடும்.

இ-ஆஃபீஸ் விஷயம். கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாக நிற்கிறது என்று அதில் பளிச்சென்று தெரியும், அந்த மட்டில் நல்லது. கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பும் கலை அதிலும் அப்படியே ஓடும், இன்னும் வேகமாக ஓடும். அது வருவதற்கு முன்னால் பழைய காகிதக் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் ஆயிற்றே, அது உங்கள் தலையில்தான் வந்து விழும். எந்தப் பிரிவின் கோப்பை யார் ஸ்கேன் செய்வது என்று இப்போதே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் ஒரு உத்தரவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.