கொரோனா கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரோனா காலத்தில் இறப்புக் கணக்கை அரசு உடனுக்குடன் வெளியிட்டிருக்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் மாவட்ட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த நாட்களில் எல்லா எண்ணிக்கையையும் அப்படியே வெளியிட்டிருந்தால் ஜனங்கள் பீதியில் ஆஸ்பத்திரிகளை மொய்த்திருப்பார்கள். உயிரைக் காப்பாற்றுவதா, தகவல் உரிமை மனுக்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதா? நோய் அடங்கிய பிறகு கணக்குக் கேட்டால் போதாதா?

செ., நாமக்கல்

அன்புள்ள செ.,

அந்த மாதங்களில் கீழ்நிலை ஊழியர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘பிறகு கேட்கலாம்’ என்பதை ஏற்க முடியவில்லை. நடக்கும்போது எழுதி வைக்காத கணக்கைப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

2020 ஜூனில் சென்னையில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். நம் சுகாதாரத் துறை தினமும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிடும். இறந்த ஒவ்வொருவருக்கும் அதில் சில வரிகள் உண்டு: வயது, ஆணா பெண்ணா, சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்ததா, எந்த ஆஸ்பத்திரியில் என்றைக்குச் சேர்ந்தார், என்றைக்கு இறந்தார். பெயர் மட்டும் இருக்காது. இவ்வளவு விவரம் தந்ததற்காக அந்தத் துறையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்த அறிக்கையில் இல்லை என்று பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அரசு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று விடுபட்டிருந்த 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன; தமிழகத்தின் மொத்தம் 3,144 ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடும் ஓர் அறிக்கையும் கையில் இருந்ததால்தான் இது முடிந்தது. அந்த 444 பேரைச் சேர்த்ததால் ஊரில் எந்தப் பீதியும் கிளம்பியதாக நான் அறியேன்.

பீதி எதனால் வந்தது என்பதற்கு அடுத்த ஆண்டே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தின் விற்பனை தொடங்கியது. கையில் மருந்துச் சீட்டோடு, வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து, விடிய விடிய வரிசையில் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கும் அதே கதை. அப்புறம் நேரடி விற்பனையையே நிறுத்தி, மருந்தை ஆஸ்பத்திரிகளுக்கே கொடுத்தார்கள். இத்தனைக்கும், இந்த மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. அதை அரசு ஊர் முழுக்கச் சொல்லியிருந்தால் அந்த வரிசையில் பாதிப் பேராவது வீட்டில் இருந்திருப்பார்கள். தொற்றுக் காலத்தில் கூட்டத்தில் போய் நின்றவர்கள் அவர்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

மனுக்களைப் பற்றிச் சொன்னீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. அதன்படி தாமாகவே வெளியிட்டிருந்தால் மனுக்களே குறைந்திருக்கும். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நெருக்கடியை நினைத்தே எழுதிய விதி அது.

சரி, கணக்கில் வராததால் யாருக்கு என்ன நஷ்டம்? 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் தர நெறிமுறை வகுக்கச் சொன்னது. தொகை 50,000 ரூபாய் என்று முடிவானது. எங்கே அந்த மரணத்துக்கு ஆதாரம் என்று கேட்டபோதுதான் குடும்பங்கள் தவித்தன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, நமக்குத் தரும் இறப்புச் சான்றிதழில் மரணத்தின் காரணத்தைக் குறிப்பிடவே கூடாது. பெயர், தேதி, இடம், அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி போன்றவை, அவ்வளவுதான். காரணம் ஆஸ்பத்திரி எழுதித் தரும் வேறொரு படிவத்தில் இருக்கும். பெரும்பாலான குடும்பங்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டிலேயே இறந்தவர்களுக்கு அதுவும் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்ததோடு சரி. சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று அந்த அக்டோபரில் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அறிக்கையில் விடுபட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால், புருஷன் எதனால் இறந்தார் என்று, நிவாரண மனுக்களைப் பரிசீலித்த மாவட்டக் குழுவின் முன் நிரூபிக்க வேண்டிய ஒரு பெண் இருந்தாள். பரிசோதனை முடிவு வராமலே போனவர் என்றால் அவள் எதைக் காட்டுவாள்?

உங்கள் மாவட்டத்தில் 2021 மே, ஜூன் மாத இறப்புப் பதிவுகள் இன்றும் இருக்கும். முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு சேர்த்து, பெயர் இல்லாமல், வயதும் தாலுகாவும் மட்டும் போட்டு வெளியிடலாம். அலுவலகத்தில் உங்கள் பேச்சைக் கேட்பவர்கள் இன்னும் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.