பரோனஸ் விலைபோனதா? வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவின் சவானா நகரத்து பரோனஸ் இசைக்குழுவின் 'யெல்லோ அண்ட் கிரீன்' ஆல்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மெட்டல் (ராக் இசையின் முரட்டு வகை) கேட்கிற நண்பர்கள் "அதோடு அவங்க விலைபோயிட்டாங்க" என்று அடித்துச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: மாறினார்கள் என்பது சரி. விலைபோனார்கள் என்பதுதான் இடிக்கிறது. 2007-இல் 'ரெட் ஆல்பம்', 2009-இல் 'ப்ளூ ரெக்கார்ட்', இரண்டிலும் குழுவின் பாடகர் ஜான் பெய்ஸ்லி பெரும்பாலும் தொண்டை கிழியக் கத்துவார், வரி என்னவென்று தனியாகத் தேடிப் படித்தால்தான் உண்டு. 2012-இல் வந்த 'யெல்லோ அண்ட் கிரீன்'இல் அதே மனிதர் பாட ஆரம்பித்துவிட்டார். 'டேக் மை போன்ஸ் அவே' பல்லவி இரண்டாம் தடவை வரும்போதே நாமும் சேர்ந்து பாடிவிடுகிறோம், பழைய ரசிகர்களின் எரிச்சலே அங்கேதான் ஆரம்பம்.

ஆனால் ரேடியோவைக் குறிவைத்துக் கிளம்புகிறவர்கள் இரண்டு டிஸ்க், 18 பாட்டு, ஒன்றேகால் மணி நேரம் என்றா கொண்டுவந்து கொட்டுவார்கள்? பெரிய கம்பெனிக்கும் தாவவில்லை. முந்தைய இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்ட ரிலாப்ஸ் என்ற அதே சுயாதீன லேபிள்தான், 'ப்ளூ ரெக்கார்ட்' தயாரித்த ஜான் காங்கிள்டன்தான் இதற்கும், அட்டைப் படம்கூட வழக்கம்போல பெய்ஸ்லி வரைந்ததுதான்.

என் குறை வேறு. முதல் டிஸ்க்கான மஞ்சள் பாதி 'யூலா' பாட்டில் முடியும்போது மனசு நிறைந்துவிடுகிறது. பச்சைப் பாதியில் நிதானமான பாட்டுகள் அடுத்தடுத்து வந்து நடுவில் தொய்ந்துபோகிறது. பாதியைக் கழித்துவிட்டு ஒரே டிஸ்க்காக விட்டிருந்தால் உங்கள் நண்பர்களே வாயை மூடியிருப்பார்கள். ம், சந்தேகம்தான்.

கேள்வி: அதற்கப்புறம் குழுவில் பாதிப் பேர் மாறிவிட்டார்களே, புது சவுண்ட் பிடிக்காமல் சண்டையா?

பதில்: சண்டை இல்லை, விபத்து. ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2012 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தின் பாத் நகருக்குப் பக்கத்தில் அவர்களுடைய பஸ் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. பெய்ஸ்லிக்கு இடது கையும் காலும் முறிந்தன. டிரம்மர் ஆலன் ப்ளிக்கிள், பேஸ் கிதார் வாசித்த மேட் மஜியோனி இரண்டு பேருக்கும் முதுகெலும்பில் முறிவு, 2013-இல் இருவரும் விலகினார்கள். புது ஆட்களோடு 2015-இல் 'பர்ப்பிள்' வந்தது, அதுவும் அப்ராக்ஸன் ஹிம்ஸ் என்ற சொந்த லேபிளில். வேடிக்கை என்னவென்றால், 'யெல்லோ அண்ட் கிரீன்'ஐ விட முரட்டுத்தனமான இந்த ஆல்பத்தின் 'ஷாக் மீ'தான் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி பரிந்துரைப் பட்டியலில் ஏறியது.

கேள்வி: மெட்டல் பக்கமே போகாதவள் நான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: நேராக 'யெல்லோ அண்ட் கிரீன்'இல் வரும் 'மார்ச் டு தி சீ' பாட்டு. பிடித்தால் 'பர்ப்பிள்', அப்புறம் 'ப்ளூ ரெக்கார்ட்'. 'ரெட் ஆல்பம்' கடைசியில் இருக்கட்டும், முதலிலேயே அதைப் போட்டால் என்னைத் திட்டி அடுத்த கேள்வி அனுப்புவீர்கள்.