ஊசியிலைக் காட்டுக்கு உரம் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

சுவீடனில் பைன், ஸ்புரூஸ் காடுகளுக்கு ஹெலிகாப்டரிலிருந்து உரம் தூவுகிறார்கள் என்று அங்கே படிக்கும் என் மகள் சொல்கிறாள். தானாக வளரும் காட்டுக்கு உரம் எதற்கு?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

உங்கள் மகள் சொல்வது உண்மைதான். 1960களிலிருந்தே அங்கு இது நடைமுறையில் இருக்கிறது. வட சுவீடனில் ஆண்டின் பெரும்பகுதி மண் குளிர்ந்தே கிடப்பதால், உதிர்ந்த ஊசியிலைகள் எளிதில் மக்காமல், பாசியோடு சேர்ந்து தடித்த அடுக்காகத் தரையில் தங்கிவிடுகின்றன. அந்த அடுக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையவே இருந்தாலும், வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் அது மிக மெதுவாகவே விடுபடுகிறது. ஆகவே, அம்மரங்களின் வளர்ச்சியைத் தடுப்பது குளிர் மட்டுமல்ல, அந்தக் குளிர் உண்டாக்கும் சத்துப் பற்றாக்குறையும்தான்.

இதைத் தெளிவாகக் காட்டியது, உமியோ நகருக்கு வடமேற்கே ஃபிளாகலிடன் என்னும் இடத்தில் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு. அங்கே சில ஸ்புரூஸ் பாத்திகளுக்கு நீர் மட்டும் பாய்ச்சினார்கள். வேறு சிலவற்றுக்கு, இலைகளைப் பகுத்தாய்ந்து, குறைகிற சத்துகளையெல்லாம் ஆண்டுதோறும் அளித்தார்கள். நீர் மட்டும் பெற்ற மரங்களில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. சத்தும் பெற்றவையோ பல மடங்கு வேகமாகப் பருத்தன. சத்து கிடைத்ததும் மரம் முதலில் செய்வது ஊசியிலைகளைப் பெருக்கிக்கொள்வதுதான். இலைப் பரப்பு கூடினால் கூடுதல் ஒளி பிடிபடும், அதன் பலன் பின்னர் அடிமரத்தில் சேரும்.

நடைமுறையில் எக்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ தழைச்சத்தை, பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட்டாக, ஒரே முறை இடுகிறார்கள். நம் ஊரில் நெல்லுக்கு ஒரு போகத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவும் ஏறக்குறைய இதுதான். அங்கோ அதன் பலன் ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை நீடித்து, எக்டருக்குப் பத்து முதல் இருபது கன மீட்டர் வரை கூடுதல் மரம் கிடைக்கிறது. அறுவடைக்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன் இடுவதே வழக்கம். போட்ட பணம் விரைவில் திரும்புவதும், கூடுதல் வளர்ச்சி விலைபோகும் பெரிய மரங்களில் சேர்வதும் அதற்குக் காரணங்கள்.

அப்படியானால், உரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மரமும் கூடிக்கொண்டே போகுமா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

போகாது. வட சுவீடனின் நோர்லிடன் பைன் காட்டில் 1971 முதல் ஆண்டுதோறும் வெவ்வேறு அளவுகளில் தழைச்சத்து இட்டுப் பார்த்தார்கள். மிக அதிக அளவு பெற்ற பாத்திகளில் தொடக்கத்தில் தெரிந்த ஆதாயம் நாளடைவில் மறைந்துவிட்டது. மிகுதியான தழைச்சத்து நைட்ரேட்டாக நீரில் கரைந்து ஓடும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் உடன் கொண்டுபோய்விடும்; வேகமாக வளரும் மரத்துக்குப் போரான் போதாமல் நுனிக் குருத்து கருகும். இந்தக் காரணத்தால்தான் அங்கு விற்கும் காட்டு உரத்தில் போரானையும் கலக்கிறார்கள்.

மரக்கணக்கில் வராத இழப்பும் உண்டு. உரம் விழுந்த இடத்தில் புல் ஓங்கி, லிங்கன்பெர்ரி போன்ற குறுஞ்செடிகளும், வட சுவீடனின் பூர்வகுடிகளான சாமி மக்களின் கலைமான்கள் குளிர்காலத்தில் மேயும் லைக்கன்களும் (பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் உயிரிகள்) பின்வாங்குகின்றன. அம்மக்களின் மேய்ச்சல் நிலத்தில் லைக்கன் செழித்த பகுதிகளுக்கு உரம் தூவாமல் விடுவதே நியாயம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

எல்லா ஊசியிலைக் காடுகளுக்கும் தழைச்சத்துதான் குறையா? உரம் இடாமலே வளர்ச்சியைக் காக்க வழி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

குறை இடத்துக்கு இடம் மாறும். பின்லாந்தில் வடிகால் வெட்டிய கரிமண் சதுப்புகளில் பல இடங்களில் தழைச்சத்து தாராளமாக இருக்க, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்துமே (பொட்டாசியம்) போதாமல் போகின்றன. அங்கே மரச்சாம்பலைத் தூவுவது நல்ல பலன் தருகிறது. ஆஸ்திரேலியாவின் மணற்பாங்கான நிலங்களில் ரேடியாட்டா பைன் தேறாததற்குத் துத்தநாகக் குறையும் ஒரு காரணமாக இருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தேட, தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் வட்டாரமே சிறந்த இடம். அங்கே முதல் ரேடியாட்டா தோப்பை வெட்டிவிட்டு அதே நிலத்தில் மறுபடி நட்டபோது, இரண்டாம் தலைமுறை மரங்கள் முதல் தலைமுறையைவிடத் தெளிவாகப் பின்தங்கின. 1960களில் இது பெரும் கவலையாக உருவெடுத்தது. வெட்டியபின் எஞ்சும் கிளைகளையும் இலைகளையும் நடவுக்கு வசதியாக எரித்துவிடும் வழக்கமே இதில் பெரும்பங்கு வகித்தது. மரத்தின் எடையில் ஊசியிலையும் சிறு கிளையும் சிறு பங்குதான் என்றாலும் சத்தில் அவற்றின் பங்கு மிகப் பெரிது. தீயில் தழைச்சத்து காற்றோடு போய்விடுகிறது, மட்கும் குறைந்து மணல் ஈரம் பிடிக்காமல் போகிறது. அந்தக் கழிவை நிலத்திலேயே பரப்பிவிட்டு, இளங்கன்றோடு போட்டியிடும் களையையும் அடக்கியபோது, வீழ்ச்சி நின்று வளர்ச்சி மீண்டது. விலைக்கு வாங்கும் உரத்தைப் பற்றி யோசிக்கும் முன், காடு தானே சேர்த்துவைத்த சத்தை வீணாக்காதிருப்பதுதான் முதல் கடமை என்பேன்.

நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை இடையிடையே வெட்டிக் கலைத்துவிட்டால் காட்டின் மொத்த வளர்ச்சி கூடுமா?
– வாசகர் ஒருவர், ஏற்காடு

பொதுவாகக் கூடாது. எஞ்சிய மரம் ஒவ்வொன்றும் வேகமாகப் பருக்கும். எக்டருக்கான மொத்த அளவு அதனால் உயர்வதில்லை. கலைத்தபின் உரமிட்டால், இழந்த இலைப் பரப்பு விரைவில் திரும்பும். ஆனால் கலைத்த உடனே இடுவது நல்லதல்ல; திடீரென்று தனித்து விடப்பட்ட மரத்தின் உச்சி இலைகளால் கனத்துவிட்டால், அடிமரமும் வேரும் வலுப்பெறும் முன்பே காற்றும் பனிச்சுமையும் அதைச் சாய்த்துவிடக்கூடும்.