ஜென்சன் ஹுவாங் சம்பளத்துக்கு வேலை பார்த்த வருஷங்கள்

வணக்கம் சார்,

சிப் கம்பெனியான என்விடியாவின் நிறுவனர் ஜென்சன் ஹுவாங் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ஹோட்டலில் தட்டு கழுவியவர், அதே ஹோட்டலில் உட்கார்ந்து கம்பெனி ஆரம்பித்தார் என்றார்கள். எனக்கு வயது 25. மூன்று வருஷமாக ஒரு சிப் டிசைன் கம்பெனியில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்க ஆசை, வீட்டிலோ முதலில் எம்.டெக். முடி என்கிறார்கள். அடுத்தவர் கம்பெனியில் உழைத்தே காலம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் காணொளிக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் கத்தரி போடுகிறார்கள். 15 வயதில் டென்னீஸ் உணவகத்தில் தட்டு கழுவுகிறார், அடுத்த காட்சியில் 30 வயது, டென்னீஸில் காபியோடு உட்கார்ந்து என்விடியாவைத் தொடங்குகிறார். (கழுவியது போர்ட்லண்டில், கம்பெனி பேசியது சான் ஹோசேயில். ஒரே கடை எல்லாம் இல்லை.) நடுவில் இருந்த 15 வருஷத்தை யாரும் காட்டுவதில்லை, உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

1984-ல் ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் முடித்தார். அங்கே லேப் பார்ட்னராக வாய்த்த பெண்ணையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டார், ஆக அந்த லேப் எந்த விதத்திலும் வீண்போகவில்லை. படித்து முடித்ததும் ஏஎம்டி என்ற சிப் கம்பெனியில் மைக்ரோபிராசசர் டிசைன், அப்புறம் 1985-லிருந்து 1993 வரை எல்எஸ்ஐ லாஜிக். மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம் மாதச் சம்பளக்காரர்.

எல்எஸ்ஐயின் தொழில், மற்ற கம்பெனிகள் கேட்கிற சிப்பை அவர்களோடு சேர்ந்து வடிவமைத்துச் செய்து கொடுப்பது. அங்கே பொறியாளராக இருப்பவன் தன் மேஜையோடு முடங்க முடியாது, வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும், எது எப்போது முடியும், எது முடியவே முடியாது என்று நாள் முழுக்கப் பேசியாக வேண்டும். அப்படி வந்த ஒரு வாடிக்கையாளர்தான் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி. அவர்களுடைய கிராபிக்ஸ் சிப் வேலையில் இவரோடு மல்லுக்கட்டிய கிறிஸ் மலாகோவ்ஸ்கியும் கர்டிஸ் பிரீமும்தான் பின்னால் டென்னீஸில் எதிரே உட்கார்ந்த அந்த இரண்டு பேர். இவர் ராஜினாமாவைச் சொன்னபோது எல்எஸ்ஐ தலைவர் வில்ஃப்ரெட் காரிகன் கோபித்துக்கொள்ளவில்லை, புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிற செக்வோயா நிறுவனத்தின் டான் வேலன்டைனைக் கூப்பிட்டு, நம்ம பையன் ஒருத்தன் வருகிறான், பாருங்கள் என்றார். வேலன்டைனிடம் தான் திட்டத்தை விளக்கிய லட்சணம் மகா மோசம் என்று ஹுவாங்கே சொல்லியிருக்கிறார். பணம் கிடைத்தது காரிகனின் வார்த்தைக்கு.

அப்படித் தொடங்கியும் முதல் அடி சறுக்கியது. 1995-ல் வந்த அவர்களுடைய முதல் கிராபிக்ஸ் சிப் என்வி1 உருவங்களை வளைபரப்புகளாக வரைந்தது, விண்டோஸில் விளையாட்டுகள் ஓடுவதற்கான மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் மென்பொருளோ முக்கோணங்களைப் பிடித்துக்கொண்டது, கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் முக்கோணத்தின் பக்கம் போய்விட்டார்கள். ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி சேகாவுக்காகச் செய்ய எடுத்திருந்த அடுத்த சிப்பும் அதே பழைய வழி. ஹுவாங் சேகாவிடம் நேராகப் போய், இதை முடித்துத் தந்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள், ஆனால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பெனி போய்விடும் என்று கேட்டார். கொடுத்தார்கள்! 50 லட்சம் டாலர். பாதிக்கு மேல் ஆட்களை அனுப்பிவிட்டு, மாதிரி சிப் அடித்துப் பார்க்கக்கூட நேரம் இல்லாமல், சிப்பைப் போலவே நடித்துக் காட்டும் எமுலேட்டர் இயந்திரத்தில் மட்டும் சோதித்து நேரே உற்பத்திக்கு அனுப்பிய ரிவா 128 சிப்தான் 1997-ல் அவர்களைக் காப்பாற்றியது. இதில் அதிர்ஷ்டமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து இது ஆகாது என்று சொல்கிற பழக்கம் 22 வயதில் எல்எஸ்ஐயில் தொடங்கியது.

எம்.டெக். விஷயத்தில் வீட்டில் சொல்வதும் சரி, நீங்கள் நினைப்பதும் சரி. அவர் ஸ்டான்ஃபோர்டில் முதுகலை முடித்தது 1992-ல், வேலை பார்த்துக்கொண்டே எட்டு வருஷம் இழுத்து, அதற்குள் இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். படிப்புக்காக வேலையை விடவில்லை, வேலைக்காகப் படிப்பையும் விடவில்லை. உங்களுக்கும் பகுதி நேரமாகச் சேர வழி இருந்தால் சேருங்கள்.

சொந்தமாகத் தொடங்குவது பற்றி, உங்களிடம் இரண்டு கேள்வி. உங்களோடு சேர்ந்து சம்பளம் இல்லாமல் ஒரு வருஷம் வேலை பார்க்க, நீங்கள் ஏற்கெனவே கூட வேலை செய்து பார்த்த ஆள் யாராவது இருக்கிறார்களா? நாளைக்கு ராஜினாமா கொடுத்தால் உங்கள் மேலாளர் உங்களுக்காக யாருக்காவது போன் போடுவாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக விடுங்கள். இல்லையென்றால், கம்பெனியில் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசுகிற வேலைக்கு மாற்றிக் கேளுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.