உடம்பு முழுக்க ஒரே டிஎன்ஏ என்றால், மூளையில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் மட்டும் எப்படி வேறு மாதிரி ஆகின்றன? இதற்கும் அல்சைமருக்கும் தொடர்பு உண்டா?

மூளை அவற்றிடம் "நீ இன்னார்" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சொல்வது நின்றால் மறந்துவிடுகின்றன. பல வாரம் வீணடித்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது எலி மூளையிலிருந்து மைக்ரோக்ளியாவை, அதாவது மூளையின் நோயெதிர்ப்புச் செல்களை, பிரித்தெடுத்து வளர்ப்புத் தட்டில் வைத்திருந்தேன். மூளைக்குள் இருக்கும்போது இவை மெல்லிய கிளைகளை நாலாபக்கமும் நீட்டி ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும். என் தட்டில் கிளைகளை இழுத்துக்கொண்டு தடித்துக் கிடந்தன. சாகவில்லை, நன்றாகவே பெருகின. ஆனால் மைக்ரோக்ளியாவுக்கே உரிய மரபணுக்களை அளந்தால் எல்லாம் அடிமட்டத்தில். செல்களை வளர்க்கும் திரவத்தை மாற்றினேன், தட்டை மாற்றினேன், கடைசியில் என் கைராசியையே சந்தேகப்பட்டேன். 2017-இல் மனித மைக்ரோக்ளியாவை வைத்து வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் நிம்மதி வந்தது. மூளையை விட்டு வெளியே எடுத்த சில மணி நேரத்திலேயே அவை தம் அடையாள மரபணுக்களைக் கைவிடத் தொடங்குகின்றனவாம். தப்பு என் கையில் இல்லை.

முதலில் பிறப்பு. ரத்தத்தில் சுற்றும் நோயெதிர்ப்புச் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகின்றன. மைக்ரோக்ளியா அப்படியல்ல. கரு உருவாகும் தொடக்க நாட்களில் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறி, பிறகு அங்கேயே பிரிந்து பெருகுபவை. 2010-இல் எலிகளில் இது உறுதியானது. ஆனால் பூர்வீகம் பாதிக் கதைதான்.

மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளையும் செல் குப்பைகளையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்; மைக்ரோக்ளியாவும் அதில் ஒரு வகை. எல்லா மேக்ரோஃபேஜ்களிலும் பியூ.1 என்ற புரதம் இருக்கிறது. டிஎன்ஏ இறுகச் சுருண்டு கிடக்கும் இடங்களைத் திறந்துவிடுவது அதன் வேலை. கல்லீரலிலும் அதே பியூ.1, நுரையீரலிலும் அதே பியூ.1. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கூட யார் நிற்கிறார்கள் என்பதிலிருந்து. மூளைச் சூழலில் கிடைக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை, செல்லுக்குள் ஸ்மாட் புரதங்களைத் தட்டி எழுப்புகிறது. அவையும் சால்1 என்ற இன்னொரு புரதமும் பியூ.1 உடன் சேர்ந்து, என்ஹான்சர் எனப்படும் டிஎன்ஏ துண்டுகளில் போய் உட்காருகின்றன. என்ஹான்சர் என்பது மரபணு அல்ல. எந்த மரபணு எந்தச் செல்லில் எவ்வளவு பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பகுதி. சில சமயம் மரபணுவிலிருந்து வெகு தூரத்தில் கிடக்கும். எலியின் மைக்ரோக்ளியாவில் சால்1-ஐ மட்டும் நீக்கினால், அமைதியாகத் துழாவிக்கொண்டிருந்த செல் அழற்சிக் குணம் கொண்ட விழுங்கியாக மாறிவிடுகிறது. அதாவது "அமைதி" என்பது சும்மா இருக்கும் நிலை அல்ல, பாடுபட்டுக் காக்கப்படும் நிலை. "ஓய்வில் இருக்கும் மைக்ரோக்ளியா" என்ற பழைய சொல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். "நல்ல வகை, கெட்ட வகை" என்று இரண்டாகப் பிரிப்பதும் அதே ரகம்.

ஒரு என்ஹான்சருக்கு எவ்வளவு அதிகாரம் என்று கேட்டால், மைக்ரோக்ளியா உயிர்வாழத் தேவையான சிஎஸ்எஃப்1ஆர் மரபணுவைப் பாருங்கள். அதற்குள்ளேயே இருக்கும் சில நூறு டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை எலியில் வெட்டி எடுத்தார்கள். மூளையில் மைக்ரோக்ளியாவே உருவாகவில்லை. கல்லீரல் போன்ற இடங்களில் மேக்ரோஃபேஜ்கள் வழக்கம்போல இருந்தன.

இப்போது அல்சைமர். வயதான பிறகு வரும் வகையில் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாறுபாடுகளில் பெரும்பாலானவை புரதத்தைக் கெடுப்பவை அல்ல. இந்த மாதிரி ஒழுங்குபடுத்தும் பகுதிகளில் விழுபவை. அதிலும் மைக்ரோக்ளியாவில் இயங்கும் பகுதிகளில். பின்1 மரபணுதான் எனக்குப் பிடித்த உதாரணம். அது நியூரான்களிலும் இயங்குகிறது, அதனால் ஆபத்தும் நியூரானில்தான் என்று நினைக்கத் தோன்றும். 2019-இல் மனித ஸ்டெம் செல்களில் அந்த ஆபத்து மாறுபாடு இருக்கும் என்ஹான்சரை நீக்கிவிட்டு, அவற்றிலிருந்து மூளைச் செல்களை உருவாக்கிப் பார்த்தார்கள். மைக்ரோக்ளியாவில் பின்1 ஏறக்குறைய மறைந்தது. நியூரானில் ஒன்றும் ஆகவில்லை. மரபணுவின் பெயரை மட்டும் பார்த்து எந்தச் செல் குற்றவாளி என்று முடிவுகட்டக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனையை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, இந்தச் செல்களுக்கு ஞாபகமும் உண்டு. மனித மைக்ரோக்ளியா சராசரியாக 4 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது, எனவே ஒருமுறை பதிந்தது சீக்கிரம் அழியாது. 2018-இல் எலிகளின் வயிற்றுக்குள் பாக்டீரிய நச்சைச் செலுத்திப் பார்த்தார்கள். மாதக்கணக்கில் கழித்தும் மைக்ரோக்ளியாவின் என்ஹான்சர்களில் அதன் தடம் இருந்தது. விந்தை என்னவென்றால், ஒருமுறை செலுத்தியபோது பின்னாளில் அமிலாய்டு, அதாவது அல்சைமர் மூளையில் சேரும் புரதக் கட்டி, கூடியது. அடுத்தடுத்து நான்கு முறை செலுத்தியபோது குறைந்தது. ஆனால் இதை வைத்து "காய்ச்சல் வந்தால் அல்சைமர் வரும்" என்று யாராவது பதில் எழுதினால் நம்பாதீர்கள், இது எலிக் கதை.

என் தட்டுக்குத் திரும்புகிறேன். அடையாளத்தை இழந்த செல்களைத் திரும்ப எலி மூளைக்குள் வைத்துப் பார்த்த குழுக்கள் இருக்கின்றன. கிளைகள் மீண்டும் நீண்டன, அணைந்திருந்த மரபணுக்களும் பெரும்பாலும் திரும்ப எரிந்தன. நான் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. என் தட்டுகளை ஆறாவது வாரத்தில் தூக்கிப் போட்டிருந்தேன்.